ஓக் காத்திருக்கும் நேரம்: ‘ஃபார் ஃப்ரம் த மேடிங் கிரவுட்’ படங்களைப் பார்ப்பது எப்படி

“ஆடு மேய்க்க ஆள் வேணுங்களாம்மா?”

இந்த ஒரு வரிக்கு எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவானது. நான் சப்டைட்டில் எழுதுகிறவள். சின்னத் திரையிடல் ஒன்றுக்காக, தாமஸ் ஹார்டியின் ஆங்கில நாவலை வைத்து 1967-ல் வந்த ‘ஃபார் ஃப்ரம் த மேடிங் கிரவுட்’ படத்துக்குத் தமிழ் வரிகள் கேட்டிருந்தார்கள். கதாநாயகன் கேப்ரியல் ஓக் கொஞ்ச நாள் முன்புவரை சொந்த ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவன். கையில் காசில்லாத பத்ஷீபாவிடம் போய் ‘கட்டிக்கொள்கிறாயா’ என்று கேட்டு, முடியாது என்ற பதிலோடு திரும்பியவன். இப்போது அவனிடம் ஒன்றுமில்லை. யாருடைய வைக்கோற்போர் என்றுகூடத் தெரியாமல் தீயை அணைத்துவிட்டு, கரி அப்பிய முகத்தோடு அந்தப் பண்ணையின் எஜமானியிடம் வேலை கேட்கிறான். அவள் முகத்திரையை விலக்குகிறாள். பத்ஷீபா! நாவலில் அவன் அதே கேள்வியை இன்னொரு முறை, குரல் இறங்கி, கேட்பான். ஆங்கிலத்தில் அவள் அன்றைக்கும் ‘யூ’, இன்றைக்கும் ‘யூ’. தமிழில் அப்படித் தப்பிக்க வழியில்லை. பெண் கேட்கும்போது ‘நீ’ போட்டிருந்தால் இங்கே ‘நீங்க’ வந்தாக வேண்டும். அந்த ‘ங்க’ எந்த வரியில் வந்து ஒட்டிக்கொள்கிறது என்று முடிவு செய்யத்தான் அந்தச் சாயங்காலம் போனது.

அந்த வேலைக்காக இந்த நாவலின் திரை வடிவங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்புறம் ‘எதை முதலில் பார்க்கலாம், எது தேறும்’ என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், இங்கே எழுதிவைக்கிறேன். கதை முழுக்க வெளியே வந்துவிடும். 1874-ல் வந்த நாவல். இதற்கு மேல் மூடிவைத்து என்ன ஆகப்போகிறது.

முதலில் கதையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்

தாமஸ் ஹார்டி இதை ‘கார்ன்ஹில்’ பத்திரிகையில் 1874 ஜனவரி முதல் டிசம்பர் வரை தொடராக எழுதினார். முதலில் ஆசிரியர் பெயர்கூடப் போடவில்லை. பத்திரிகை ஆசிரியர் லெஸ்லி ஸ்டீஃபன், கெட்டுப்போன பெண்ணின் கதையைக் கொஞ்சம் பதமாகக் கையாளச் சொன்னதாலோ என்னவோ, ஃபேனி ராபின் என்ற அந்தப் பெண் நாவலில் நிழல் மாதிரியே வந்து போவாள். தன் ஊரான டார்செட்டுக்கு ‘வெஸ்ஸெக்ஸ்’ என்ற பழைய பெயரை ஹார்டி முதன்முதலில் போட்டதும் இந்த நாவலில்தான். கதையில் வரும் கேஸ்டர்பிரிட்ஜ் நிஜத்தில் டார்செஸ்டர். வெதர்பரி என்பது படில்டவுன். படம் பார்க்கும்போது ஊர்ப் பெயர்களில் குழம்பினால் இந்த இரண்டு போதும்.

பத்ஷீபா எவர்டீனுக்கு மாமாவின் பண்ணை வாரிசாக வருகிறது. இருபது வயதை ஒட்டியவள். கணக்குப்பிள்ளையைத் திருட்டுக்காக விரட்டிவிட்டுத் தானே பண்ணையை நடத்துகிறாள். அவளைச் சுற்றி மூன்று ஆண்கள். ஆடு மேய்க்கும் ஓக், வயது 28. பக்கத்துப் பண்ணைக்காரர் போல்ட்வுட், நாற்பதைத் தாண்டியவர். விளையாட்டாக அவள் அனுப்பிய ஒரு வாலண்டைன் வாழ்த்தின் அரக்கு முத்திரையில் ‘என்னைக் கட்டிக்கொள்’ என்று இருக்க, அதை நம்பி மனசு பேதலித்துப் போகிறவர். மூன்றாவது ஆள் சார்ஜென்ட் ட்ராய், சிவப்புக் கோட்டு போட்ட சிப்பாய். ஏற்கெனவே ஃபேனியைக் கைவிட்டவன். பத்ஷீபா கட்டிக்கொள்வது அவனைத்தான்.

இவ்வளவையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்தேன். அதில் இன்னொரு பத்தியும் சேர்த்திருந்தேன்: யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று.

என் அளவுகோல்

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். காடும் மேய்ச்சலும் சேர்ந்த முல்லை நிலத்துக்கு உரிப்பொருள் ‘இருத்தல்’, அதாவது காத்திருப்பது. பெரும்பொழுது கார்காலம். அங்கே காத்திருப்பவள் தலைவி. இங்கே ஆட்டுக்காரன். மற்றபடி ஆடும் மழையும் காத்திருப்பும் அப்படியே இருக்கின்றன. ஹார்டிக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நிலத்தையும் மனசையும் அவர் பிரித்து எழுதவில்லை.

மூன்று ஆண்களும் மூன்று விதமாகக் காத்திருக்கிறார்கள். ஃபேனியைக் கல்யாணம் செய்யத் தேவாலயத்தில் ட்ராய் நிற்கிறான். அவள் பெயர்க் குழப்பத்தில் வேறு தேவாலயத்துக்குப் போய்விடுகிறாள். கடிகாரத்தின் சின்னப் பொம்மை கால் மணிக்கு ஒருமுறை வந்து மணி அடிக்க, வந்திருக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அவன் அரை மணி நேரம் நிற்கிறான். அவள் மூச்சிரைக்க ஓடிவந்து ‘நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா’ என்கிறாள். அவனோ இனி அந்தப் பக்கம் தலைவைப்பதாக இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த அரை மணியில் முடிந்துவிடுகிறது. பின்னால், ட்ராய் கடலில் செத்துவிட்டான் என்று ஊர் நம்பும்போது, போல்ட்வுட் ஆறு வருஷம் காத்திருக்கத் தயார், ஆனால் வாக்குக் கொடு என்று பத்ஷீபாவை நெரிக்கிறார். ஓக் எதையும் கேட்காமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே ஒவ்வொரு படத்திலும் நான் பார்ப்பது ஒன்றுதான். இந்தக் காத்திருப்பை என் உடம்பில் உணரவைக்க இயக்குநரிடம் நேரம் இருந்ததா? சினிமாவில் காத்திருப்பைக் காட்டுவது கஷ்டம். வசனமாகச் சொன்னால் செத்துவிடும். நிமிஷங்களாகக் கொடுத்தால்தான் உண்டு.

எந்த வரிசையில் பார்ப்பது

1915-ல் பிரிட்டனில் ஒரு மௌனப் படம் வந்தது. லாரி ட்ரிம்பிள் இயக்கி, ஃபுளோரன்ஸ் டர்னர் பத்ஷீபாவாக நடித்தது. ஹார்டி அப்போது உயிரோடு இருந்தார். படச்சுருள் தொலைந்துவிட்டது என்பதுதான் இன்றைய நிலை, எனவே தேடி அலைய வேண்டாம். மீதி இருப்பவை மூன்று: 1967, 1998, 2015.

நாவல் படிக்காதவர்கள் 2015-லிருந்து தொடங்குங்கள். தாமஸ் விண்டர்பெர்க் இயக்கம், டேவிட் நிக்கல்ஸ் திரைக்கதை, 119 நிமிடம். கேரி முல்லிகன் பத்ஷீபா, பெல்ஜியத்து நடிகர் மத்தியாஸ் ஷோனார்ட்ஸ் ஓக், மைக்கேல் ஷீன் போல்ட்வுட், டாம் ஸ்டரிட்ஜ் ட்ராய். கதை தடுக்காமல் ஓடும். யார் யார் என்பது பத்து நிமிஷத்தில் தெளிவாகிவிடும். இதன் பலமும் பலவீனமும் அதுதான். டோக்மே 95 இயக்கத்தைத் தொடங்கி, செட்டும் செயற்கை விளக்கும் வேண்டாம் என்று சத்தியம் செய்த டேனிஷ் இயக்குநரா இவ்வளவு பளபளப்பான படத்தை எடுத்தார் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். படம் தொடங்கும்போது ‘லண்டனுக்கு 200 மைல் வெளியே’ என்று ஒரு வரி வரும். டார்செட் அவ்வளவு தொலைவில்லை. புவியியல் பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் சொக்கவைப்பது மைக்கேல் ஷீன். பண்ணை விருந்தில் பத்ஷீபா பாட, அவர் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொள்ளும் காட்சியில் அவர் கண்களை மட்டும் பாருங்கள். நாவலிலும் போல்ட்வுட் அவளோடு சேர்ந்து பாடுவார். அங்கே பாட்டு வேறு, கூடவே ஓக்கின் புல்லாங்குழலும் இருக்கும்.

இரண்டாவதாக 1967. ஜான் ஷ்லெசிங்கர் இயக்கம், சுமார் 168 நிமிடம். அதற்கு இரண்டு வருஷம் முன்பு ‘டார்லிங்’ எடுத்த அதே கூட்டணி: இயக்குநர், ஜூலி கிறிஸ்டி, எழுத்தாளர் ஃப்ரெடரிக் ரஃபேல், தயாரிப்பாளர் ஜோசஃப் ஜன்னி. ஓக் ஆலன் பேட்ஸ், ட்ராய் டெரன்ஸ் ஸ்டாம்ப், போல்ட்வுட் பீட்டர் ஃபின்ச். ஒளிப்பதிவு நிக்கோலஸ் ரோக், பின்னாளில் தானே இயக்குநராகி ஜூலி கிறிஸ்டியை வைத்து ‘டோன்ட் லுக் நவ்’ எடுத்தவர். இந்தப் படத்தை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். அந்தக் காலத்தில் பெரிய திரையரங்குகளில் முன்னிசை, இடைவேளை என்று சம்பிரமமாக ஓடிய படம். நீங்களும் இடைவேளை விட்டு, எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். ஜூலி கிறிஸ்டியின் தலைமுடியும் கண் மையும் 1870-களைவிட 1960-கள் லண்டனுக்கே பொருத்தம் என்று பலர் குறைபட்டதுண்டு. பொய்யில்லை. எனக்கு அரை மணிக்கு மேல் அது உறுத்தவில்லை.

மூன்றாவது, 1998-ல் தொலைக்காட்சிக்காக நிக்கோலஸ் ரென்டன் இயக்கியது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். பலோமா பயேசா பத்ஷீபா, நதானியேல் பார்க்கர் ஓக், ஜொனாதன் ஃபிர்த் ட்ராய், நைஜல் டெரி போல்ட்வுட். படமாக இது மற்ற இரண்டின் அருகில் நிற்காது. ஆனால் கதை எந்தப் படியில் எப்படி இறங்குகிறது என்று தெரிய இதைப்போல வேறில்லை. நாவல் படிக்க நேரமில்லை, ஆனால் நாவலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பிரதியைச் சோதியுங்கள்

1967 படத்தை முதன்முதலில் ஒரு பழைய டிஸ்க்கில் பார்த்துத் தொலைத்தேன். பானாவிஷனில் எடுத்த அகலப் படத்தை, பழைய டிவிப் பெட்டிக்காக இரண்டு பக்கமும் நறுக்கியிருந்தார்கள். ஓக் பேசுகிறான், சட்டகத்தில் அவன் மூக்கு மட்டும். எதிரே நிற்கும் பத்ஷீபா காணோம். நான் அது ரோக்கின் புதுமையான சட்டகம் என்று நினைத்து ஒரு குறிப்பு வேறு எழுதிவைத்தேன்! அந்தக் காகிதத்தை அப்புறம் கிழித்துப் போட்டேன்.

அதனால் முதல் காட்சியை நிறுத்திப் பாருங்கள். திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்தால் சரி. திரை முழுக்க நிரம்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து மொத்த நேரம். 168-ஐவிட மிகக் குறைவாக இருந்தால் எங்கோ கத்தரி விழுந்திருக்கிறது. சேவல் சண்டை ஒன்று வரும். பிரிட்டனில் அதை வெட்டினார்கள். கதைக்குப் பெரிய நஷ்டமில்லைதான், ஆனாலும் வெட்டுப்பட்ட பிரதி என்று தெரிந்து பார்ப்பது வேறு.

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு பாருங்கள். இதில் கூச்சம் வேண்டாம். டார்செட் கிராமத்துப் பேச்சு எனக்கே பாதி புரியவில்லை, அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய காட்சிகள்

முழுப் படங்களையும் ஒப்பிட உட்கார்ந்தால் தலை சுற்றும். நாலைந்து காட்சிகளை மட்டும் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள்.

ஆடுகள் விழும் காட்சியில் தொடங்குங்கள். அனுபவமில்லாத இளம் நாய், துரத்துவதுதான் தன் வேலை என்று நினைத்து மந்தையை விளிம்புக்கு அப்பால் தள்ளிவிடுகிறது. நாவலில் இருநூறு சினை ஆடுகள். விழுவது சுண்ணாம்புக்கல் பள்ளத்தில். 1967, 2015 இரண்டு படங்களும் அந்தப் பள்ளத்தைக் கடற்கரைச் செங்குத்துப் பாறையாக்கிவிட்டன. கடல் பெரிதாக இருக்கிறது, கண்ணுக்கு விருந்து. ஆனால் பள்ளம் என்றால் அது ஓக்கின் வீட்டுப் பக்கத்துப் பள்ளம், தினமும் தாண்டிப் போகிற இடம். அது தரும் வயிற்றெரிச்சலைக் கடல் தராது. ஆடுகளுக்குக் காப்பீடு இல்லை என்ற ஒரே தகவலில் ஓக்கின் பத்து வருஷச் சேமிப்பு போயிற்று என்று ஹார்டி முடித்துவிடுவார்.

அடுத்து வாள் காட்சி. இதைக் கொஞ்சம் ஆற அமரப் பாருங்கள். நாவலின் 28-ஆம் அத்தியாயம். கோடைக்காலச் சாயங்காலம் எட்டு மணி, வெளிச்சம் இன்னும் இருக்கிறது. ஆளுயரப் பெரணிச் செடிகளுக்கு நடுவே தட்டு மாதிரி ஒரு குழி, தரையெல்லாம் பாசி மெத்தை. ட்ராய் வாளைச் சுழற்ற, அவள் நடுவில் அசையாமல் நிற்கிறாள். அவளைச் சுற்றி வெளிச்சம் கோடு கோடாகப் பறக்கிறது. ஒரு மயிர்க்கற்றையை வாளால் சீவி எடுக்கிறான். மார்பில் ஊர்ந்த கம்பளிப்பூச்சியை வாள் நுனியால் குத்தி எடுக்கிறான். முதலில் வாளுக்குக் கூர்மையே இல்லை என்றவன், எல்லாம் முடிந்த பிறகு, இதால் சவரம் செய்யலாம் என்று காட்டுகிறான். பயம் அப்புறம்தான் அவளுக்கு வருகிறது.

2015 படம் பெரணிகளை அப்படியே வைத்துக்கொண்டது. பச்சை இருட்டு, நெருக்கம், சுருக்கம். ஷ்லெசிங்கர் பெரணியைத் தூக்கி எறிந்துவிட்டு, டார்செஸ்டருக்குப் பக்கத்திலிருக்கும் மெய்டன் காசிலுக்குப் போனார். பெயரில்தான் கோட்டை. சுவரும் இல்லை, கோபுரமும் இல்லை. இரும்புக் காலத்து மனிதர்கள் வெட்டிப் போட்ட பிரம்மாண்டமான புல் மேடுகளும் அகழிகளும். அந்தப் பச்சை அலைகளில் சிவப்புக் கோட்டு போட்ட ஒற்றை மனிதன் வாளோடு ஏறி இறங்கி ஓடிவருகிறான், ஒரு கட்டத்தில் நேராக நம்மை நோக்கி. ஒளிந்துகொள்ள ஒரு செடிகூட இல்லாத இடத்தில் அவளை நிறுத்தியதில்தான் ஷ்லெசிங்கரின் சூட்சுமம். நாவலுக்கு விசுவாசமாக இருந்தது 2015, நாவல் படித்தபோது எனக்கு ஏற்பட்ட படபடப்பைக் கொடுத்தது 1967. இந்தக் காட்சியை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டும் பாருங்கள்.

அடுத்தது புயல் இரவு. என்னைக் கேட்டால் முழு நாவலும் இந்த இரவில் இருக்கிறது. பத்ஷீபாவின் புருஷனாகிவிட்ட ட்ராய், அறுவடை விருந்தில் பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, ஆட்களுக்குப் பிராந்தி ஊற்றிக் கொடுக்கிறான். எல்லோரும் களஞ்சியத்தில் குப்புற விழுந்து கிடக்கிறார்கள். மழை வரும் என்று ஓக் எச்சரிக்கை அனுப்பியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனுக்கு எப்படித் தெரிந்தது? பாதையில் ஒரு தேரை குறுக்கே போனது. வீட்டுக்குள் ஓடில்லாத நத்தை ஒன்று ஏறியிருந்தது. கூரையிலிருந்து கறுப்புச் சிலந்திகள் இறங்கின. கடைசியாக ஆடுகளைப் போய்ப் பார்க்கிறான்: எல்லாம் ஒரே பக்கம் முதுகைக் காட்டி நெருக்கியடித்து நிற்கின்றன. தேரையும் நத்தையும் மழைக்கு, ஆடுகள் இடிக்கு என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறான். திறந்து கிடக்கும் கோதுமைப் போர் ஐந்து, பார்லிப் போர் மூன்று. மதிப்பு 750 பவுண்டு என்று இன்னொரு கணக்கு. மேலே ஏறி மூடத் தொடங்குகிறான். இடிதாங்கியாக ஒரு சங்கிலியைத் தொங்கவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு உருவம், பத்ஷீபா. அவள் கதிர்க்கட்டுகளை ஏணியில் தூக்கித் தூக்கிக் கொடுக்க, மின்னல் வெளிச்சத்தில் இருவரும் வேலை செய்கிறார்கள். நடுவில், ட்ராயை ஏன் கட்டிக்கொண்டேன் என்று அவள் கேட்காமலே சொல்கிறாள். உறவை முறித்துக்கொள்ளத்தான் பாத் நகரத்துக்குப் போனாளாம். அங்கே பொறாமையும் குழப்பமுமாகக் கட்டிக்கொண்டு திரும்பினாளாம். ஓக் பதில் சொல்வதில்லை. அவள் களைத்துவிட்டாள், போய்ப் படுக்கட்டும் என்று மட்டும் அனுப்பிவைக்கிறான்.

ஒவ்வொரு படத்திலும் இந்த இரவுக்கு எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே சொல்கிறேன், நான் குறித்தேன். தேரை வருகிறதா, ஆடுகள் திரும்பி நிற்கின்றனவா, கணக்குப் போடுகிறானா, அவள் பேசும்போது அவன் கை நிற்கிறதா? மின்னலும் இசையும் மட்டும் இருந்தால் அது வெறும் புயல் காட்சி. ஆலன் பேட்ஸ் இங்கே உடம்பால் நடிப்பார். தார்பாயை இழுத்துக் கட்டுகிற கை, காதல் வசனம் பேசுகிற வாயைவிட அதிகம் சொல்லும். ஷோனார்ட்ஸுக்கும் அந்த உடம்பு இருக்கிறது. அவருக்கு 119 நிமிஷப் படத்தில் காத்திருக்க இடம் கிடைக்கவில்லை, பாவம்.

ஃபேனியின் சவப்பெட்டியைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: அந்தப் பெட்டி பத்ஷீபாவின் வீட்டுக்குள் எப்படி வந்தது? நாவலில் ஜோசஃப் பூர்கிராஸ் என்ற கூச்ச சுபாவமுள்ள வண்டிக்காரன், கேஸ்டர்பிரிட்ஜிலிருந்து அதை ஏற்றி வரும் வழியில் மூடுபனிக்குப் பயந்து ஒரு சத்திரத்தில் ஒதுங்குகிறான். அங்கே கூட்டாளிகள். ஒன்று இரண்டாகிறது. ஓக் வந்து பார்க்கும்போது இவனுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. இருட்டிவிட்டதால் அடக்கம் மறுநாளுக்குத் தள்ளிப்போக, பெட்டி வீட்டுக்குள் வருகிறது. பெட்டியின் மேல் எழுதியிருந்த ‘ஃபேனி ராபினும் குழந்தையும்’ என்பதில் கடைசிச் சொல்லை ஓக் துடைத்துவிடுகிறான். ஆனாலும் பத்ஷீபா இரவில் மூடியைத் திறந்துவிடுகிறாள். ஒரு குடிகாரனின் தாமதம் இல்லையென்றால் இத்தனையும் இல்லை. நேரத்தை மிச்சம் பிடிக்கிற திரைக்கதைகள் முதலில் கைவைப்பது இந்தக் கிராமத்து ஆட்களின் மீதுதான். மால்ட் கொட்டகையில் உட்கார்ந்து, ‘கடவுளே மன்னித்துவிடு’ என்று பெயர் வைத்த இரண்டு காதுக் குவளையில் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறவர்கள் அவர்கள். அவர்கள் போய்விட்டால் விதி மட்டும்தான் மிஞ்சும், சத்திரம் போய்விடும். 1998 வடிவத்தின் நீளத்தை நான் மன்னிப்பது இந்த இடத்தில்.

பாட்டுகளைப் பற்றி ஒரு வரி. 1967-ல் ஜூலி கிறிஸ்டி பாடுவதுபோல் வரும் நாட்டுப்பாடலின் குரல் இஸ்லா கேமரனுடையது. ரிச்சர்ட் ரோட்னி பென்னட்டின் பின்னணி இசை ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. அதைக் கேட்டுவிட்டு 2015-ன் கிரெய்க் ஆம்ஸ்ட்ராங் இசையைக் கேட்டால், ஒன்று வயலில் நிற்கிறது, மற்றொன்று வயலுக்கு மேலே மிதக்கிறது. எனக்கு நிற்பது பிடிக்கும்.

ஒரு கிளைப்பாதை

மூன்றும் முடித்துவிட்டு இன்னும் பசி இருந்தால் 2010-ல் ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் இயக்கிய ‘டமாரா ட்ரூ’ பாருங்கள். போஸி சிம்மண்ட்ஸ் ‘கார்டியன்’ நாளிதழில் வரைந்த சித்திரத் தொடரிலிருந்து வந்தது. இன்றைய டார்செட் கிராமம், எழுத்தாளர்கள் வந்து தங்கும் பண்ணை, ஊருக்குத் திரும்பும் ஜெம்மா ஆர்டர்டன். சிவப்புக் கோட்டுக்குப் பதில் ராக் இசைக்குழுவின் டிரம்மர், பெயர் பென் சார்ஜென்ட். வாலண்டைன் அட்டைக்குப் பதில் ஒரு மின்னஞ்சல். ஹார்டியைத் தெரியாதவர்களுக்கு இது சுமாரான நகைச்சுவை. தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கண் சிமிட்டல். அதனால்தான் கடைசியில் வைக்கச் சொல்கிறேன்.

கடைசிக் காட்சிக்கு முன்பு நாவலைத் திறங்கள்

நாவல் காப்புரிமை தாண்டியது. குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 57 அத்தியாயம். எல்லாவற்றையும் படிக்கச் சொல்லவில்லை. 56-ஐ மட்டும், படங்களின் முடிவைப் பார்ப்பதற்கு முன்பு படித்துவிடுங்கள்.

அதற்குள் போல்ட்வுட் கிறிஸ்துமஸ் விருந்தில் ட்ராயைச் சுட்டுவிட்டார்; தூக்குத் தண்டனை காவலாகக் குறைக்கப்பட்டுவிட்டது. ஓக் வேலையை விடப்போவதாகக் கடிதம் கொடுக்கிறான். 2015 படத்தில் அவன் மூட்டையோடு கிளம்பிவிட, அவள் பின்னாலேயே விரைந்து வந்து, பாதையில் மடக்கி, முத்தத்தில் முடிகிறது. அழகான வெளிச்சம். நாவலில் யாரும் யாரையும் துரத்துவதில்லை. அவள் இருட்டின பிறகு அவன் குடிசைக்கு நடந்து போய்க் கதவைத் தட்டுகிறாள். உட்கார நல்ல நாற்காலிகூட இல்லை. ஊரில் நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொல்கிறான். அதை நினைப்பதே அபத்தம், இவ்வளவு சீக்கிரத்தில், என்கிற பொருளில் அவள் ஏதோ உளறுகிறாள். அவன் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆமாம் அபத்தம்தான் என்று ஒப்புக்கொள்கிறான். அவளுக்குக் கண்ணில் நீர் முட்ட, தான் சொன்னது இரண்டாவது வார்த்தையை என்று திக்கித் திக்கித் திருத்துகிறாள்.

திரையிடல் முடிந்த பிறகு வாசித்துக் காட்டுவதற்காக இந்தப் பக்கத்தை மட்டும் நான் தமிழாக்கினேன். ஆங்கிலத்தில் அந்த இரண்டு வார்த்தைகளும் ஒன்றுபோல ஒலிக்காது. தமிழில் அதிர்ஷ்டம் அடித்தது: ‘அபத்தம்’, ‘அவசரம்’. இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே எழுத்தில் முடிகின்றன. அவன் காதில் தவறி விழுந்ததற்கு நியாயமும் கிடைத்துவிட்டது. “அ… அவசரம்னுதான் சொன்னேன்.” அரங்கில் நாலு பேர் சிரித்தார்கள், ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

அதற்குப் பிறகு, கேட்டால் சரி சொல்வாளா என்பது மட்டும் தெரிந்தால் போதுமே என்கிறான். உனக்கு அது தெரியவே போவதில்லை, ஏனென்றால் நீ கேட்பதே இல்லை என்கிறாள். அவன் சந்தோஷத்தில் ஏதோ கொஞ்ச ஆரம்பிக்கிறான். அவள் குறுக்கே வெட்டி, காலையில் அப்படி ஒரு கடிதம் அனுப்பியதற்காகச் சண்டை பிடிக்கிறாள்.

அந்தப் பாதிக் கொஞ்சலில் ஓக்குக்கு ‘நீ’யைத் திருப்பிக் கொடுத்தேன். தீயணைத்த இரவிலிருந்து அத்தனை வரிகளிலும் ‘நீங்க’ சொல்லிக்கொண்டிருந்தவன். பத்ஷீபா பண்ணைக்கு எஜமானியான நாளிலிருந்தே அவனை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டாள், எஜமானிகள் கூப்பிடுகிற மாதிரி. கடிதத்துக்காகச் சண்டை பிடிக்கும்போதும் அதே ‘நீ’ தான். அதை நான் மாற்றவில்லை.